அத்தியாயம் 9: பொம்மை என்று தெரியாமல் படமெடுப்பது

ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து, டீக்கால் பதித்து முடித்த 1/72 விமானம் மேசைமேல் நிற்கிறது. நேரில் பார்ப்பவர்கள் வாய்பிளக்கிறார்கள். அதையே ஃபோனில் எடுத்து இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக் குழுவிலோ போட்டால் பிளாஸ்டிக் பொம்மையாகத் தெரிகிறது. உடனே தோன்றும் யோசனை, நல்ல கேமரா வாங்க வேண்டும் என்பது. வாங்கினாலும் அதே பொம்மைதான் வரும், இன்னும் கூர்மையாக.

ஒரு பொருள் எவ்வளவு பெரியது என்பதைச் சில தடயங்களை வைத்துத்தான் நாம் கணிக்கிறோம். மாடலைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் முக்கியமாக நான்கு. மேலிருந்து குனிந்து பார்க்கும் கோணம். மூக்கு தெளிவாகவும் வால் மங்கலாகவும் விழுவது. ஒன்றுக்கு மேற்பட்ட நிழல். மாடலின் அளவுக்கு ஒத்துவராத தரையும் பின்னணியும்.

இதற்குத் தலைகீழான சான்றும் உண்டு. உயரமான கட்டடத்திலிருந்து எடுத்த நிஜ நகரத்தின் படத்தில் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் மங்கலாக்கிவிட்டால் தெருவும் பேருந்துகளும் பொம்மைகளாகிவிடும். டில்ட்-ஷிஃப்ட் என்று ஃபோன் ஆப்களில் இருக்கும் வித்தை இதுதான். நிஜத்தைப் பொம்மையாக்குவது எதுவோ, அதை நீக்கினால் பொம்மை நிஜமாகும். இந்த அத்தியாயம் அந்த நான்கு தடயங்களையும் ஒவ்வொன்றாக அழிப்பதைப் பற்றியது. பிளாஸ்டிக் கிட், டைகாஸ்ட் கார், சன்போர்டில் கையால் செய்த பேருந்து என எதற்கும் இது பொருந்தும்.

1. கண்மட்டம்

விமான நிலையத்திலோ தெருவிலோ நிற்கும் மனிதனின் கண்ணிலிருந்து எடுத்ததுபோல் படம் இருக்க வேண்டும். 170 செ.மீ. உயரமுள்ள ஆள் ஒவ்வொரு ஸ்கேலிலும் எவ்வளவு உயரம் இருப்பார் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

- 1/24: 71 மி.மீ.
- 1/35: 49 மி.மீ.
- 1/48: 35 மி.மீ.
- 1/64: 27 மி.மீ.
- 1/72: 24 மி.மீ.
- 1/87: 20 மி.மீ.

லென்ஸின் நடுப்பகுதி இந்த உயரத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். 1/64 டைகாஸ்ட் சேகரிப்பவர்களுக்கு ஒரு வசதி: பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. காருக்குப் பக்கத்தில் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், அதன் உச்சிதான் அந்தக் காரின் உலகத்து மனிதனின் தலை. லென்ஸ் அதைத் தாண்டி மேலே போகக் கூடாது.

சொல்வது எளிது, செய்வதில் சிக்கல் உண்டு. ஃபோனில் லென்ஸ் மேல்மூலையில் இருக்கிறது. நேராகப் பிடித்தால் லென்ஸ் மேசையிலிருந்து அரைச் சாணுக்கு மேலான உயரத்தில் நிற்கும். ஃபோனைத் தலைகீழாகத் திருப்பி மேசையில் வையுங்கள். லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும், படத்தை ஃபோனே நேராக்கிக் காட்டும். பெரிய கேமராவில் லென்ஸின் பருமனே இடைஞ்சல். அப்போது மாடலைத் தடித்த இரண்டு புத்தகங்களின் மேல், விளிம்பை ஒட்டி வையுங்கள். கேமராவை அதற்குக் கீழே இறக்கலாம். ட்ரைபாட் அவ்வளவு தாழாது என்றால் சின்னத் துணிப்பையில் அரிசி நிரப்பி அதன்மேல் கேமராவை அமர்த்துங்கள். அசையாது, வேண்டிய சாய்வும் கிடைக்கும்.

2. விலகி நின்று வெட்டுங்கள்

மாடல் சிறியது என்பதால் கிட்டே போய் எடுக்கத் தோன்றும். வால் மங்கிப்போவதற்குக் காரணமே அந்த நெருக்கம்தான். கேமரா கிட்டே போகப் போக, தெளிவாக விழும் ஆழம் குறுகிக்கொண்டே வரும். போட்டோக்காரர்கள் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பது இதைத்தான்.

ஒரு கணக்கு பார்ப்போம். 1/72 ஸ்பிட்ஃபயர் ஏறத்தாழ 13 செ.மீ. நீளம், இறக்கை முனைக்கு முனை 15 செ.மீ.க்குச் சற்று மேல். ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு அரை மீட்டரிலிருந்து எடுக்கிறோம். லென்ஸின் துளையான அபர்ச்சர் எஃப்/2.8 என்றால் தெளிவாக விழுவது ஒரு செ.மீ. துளையைச் சுருக்கி எஃப்/11 வைத்தால் 4 செ.மீ. அப்போதும் விமானத்தின் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அதே எஃப்/11 வைத்து ஒரு மீட்டருக்கு விலகுங்கள். தெளிவு 16 செ.மீ.யாக விரியும். விமானம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும்.

விலகினால் மாடல் படத்தில் சிறியதாகிவிடுமே என்று தோன்றும். ஆகும், அதனால் நட்டமில்லை. 24 மெகாபிக்ஸல் கேமராவில் ஒரு மீட்டரிலிருந்தும் அந்த இறக்கை 2000 பிக்ஸலுக்குமேல் அகலம் பிடிக்கும். இன்ஸ்டாகிராம் காட்டுவது 1080 பிக்ஸல் அகலம். தேவையில்லாத ஓரத்தை வெட்டியெறிந்த பிறகும் மிச்சம் இருக்கிறது. சுவரில் மாட்டும் பெரிய பிரிண்ட் போடுகிறவருக்கு இந்த வசதி இல்லை. திரையில் பகிர்கிறவருக்கு உண்டு.

விலகி நிற்பதால் இன்னொரு லாபம். 1/72 மாடலை ஒரு மீட்டரிலிருந்து எடுப்பது நிஜ விமானத்தை 72 மீட்டரிலிருந்து எடுப்பதற்குச் சமம். பெங்களூரு யெலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா கண்காட்சியில் வேலிக்கு இப்பாலிருந்து டெலி லென்ஸில் எடுப்பவர்களின் படங்களில் விமானம் எப்படி விகிதம் பிசகாமல் தெரிகிறதோ, அப்படியே இதிலும் தெரியும்.

இதையொட்டிச் சில குறிப்புகள்:

- ஃபோகஸை மூக்கில் வைக்காதீர்கள். இயற்கைக் காட்சிக்குச் சொல்லும் "மூன்றில் ஒரு பங்கு" விதி இங்கே செல்லாது. இவ்வளவு அருகில் தெளிவு முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரியும். மாடலின் நடுவுக்குச் சற்று முன்னால், விமானமானால் காக்பிட் பக்கம், ஃபோகஸ் வையுங்கள்.
- அபர்ச்சரை எஃப்/22 வரை இறுக்காதீர்கள். அவ்வளவு சிறிய துளையில் ஒளி சிதறி முழுப் படமும் லேசாகக் குழையும். எஃப்/11 முதல் எஃப்/16 வரை போதும்.
- ஐஎஸ்ஓ 100. ஷட்டர் அரை விநாடி ஆனாலும் கவலையில்லை, மாடல் ஓடிப்போகாது. ட்ரைபாட் போட்டு, 2 விநாடி டைமர் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள்.
- கப்பல் போன்ற நீள மாடல்களுக்கு இதுவும் போதாமல் போகலாம். கேமராவை அசைக்காமல் ஃபோகஸை மட்டும் முன்னிருந்து பின்னுக்கு நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், செரீன் ஸ்டாக்கர், ஃபோட்டோஷாப் ஏதாவது ஒன்றில் சேர்த்தால் முனை முதல் முனை வரை தெளியும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்ற இந்த முறையை முதல் நாளே கற்க வேண்டியதில்லை. விலகி நிற்பதே பெரும்பாலான மாடல்களுக்குப் போதும்.

3. ஒரே சூரியன், ஒரே நிழல்

மாடலின் இரண்டு பக்கமும் இரண்டு மேசை விளக்கு வைப்பது வழக்கம். விளைவு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு நிழல். பகலில் நிஜக் காருக்கு இரண்டு நிழல் விழுவதில்லை. எனவே முதல் விதி: முதன்மை விளக்கு ஒன்றுதான். எதிர்ப்பக்கத்து இருட்டை இன்னொரு விளக்கால் போக்காமல், வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்தி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியால் போக்குங்கள்.

இரண்டாவது, அந்த விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கு ஸ்பிட்ஃபயரின் ஓர் இறக்கை முனைக்கு 30 செ.மீ. தள்ளி இருந்தால் மறுமுனைக்கு 45 செ.மீ. பக்கத்து முனை, எட்டி இருப்பதைவிட இரண்டேகால் மடங்கு பிரகாசமாக இருக்கும். சூரியன் ஓர் இறக்கைக்கு மட்டும் அவ்வளவு சலுகை காட்டாது. விளக்கை ஒரு மீட்டருக்குத் தள்ளினால் வித்தியாசம் ஒன்றேகால் மடங்கைச் சற்றே தாண்டும், கண்ணுக்கு உறுத்தாது. வெளிச்சம் குறைந்துவிட்டதே என்றால் ஷட்டரை நீட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒளியின் மென்மை. பெயின்ட் வேலையும் பேனல் கோடுகளும் தெரிய வேண்டுமானால் மேகமூட்ட நாளின் ஒளி வேண்டும். விளக்குக்கும் மாடலுக்கும் நடுவே டிரேசிங் பேப்பரையோ மெல்லிய வெள்ளை மல் துணியையோ அகலமாகக் கட்டுங்கள். சூடேறும் பழைய குண்டு பல்பு, ஹாலஜன் விளக்குகளின் பக்கத்தில் காகிதம் வேண்டாம், எல்இடி போதும். பளபளக்கும் டைகாஸ்ட் காருக்கு இது இன்னும் முக்கியம். காரின் உடம்பு கண்ணாடி மாதிரி அறையையே காட்டும். மேலே ஒரு பெரிய வெள்ளைத் தெர்மாகோலைக் கூரைபோல் பிடித்தால் ட்யூப்லைட், மின்விசிறி, உங்கள் முகம் எல்லாம் மறைந்து, பானெட்டில் ஒரு சீரான வெள்ளைப் பட்டை ஓடும். கார் விளம்பரப் படங்களில் காணும் பட்டை அதுதான்.

ஜன்னல் ஒளியே போதும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது, ஆகவே அதுவே சிறந்தது என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வரும் கையேடுகள் சொல்லும். அது அவர்களுடைய ஊருக்குச் சரி. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை முதல் ஆடி வரை உச்சிச்சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் வெயில் விழும். திசையை நம்பாமல், தரையில் வெயில்கட்டம் விழாத ஜன்னல் எது, எந்த நேரம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விழுந்தாலும் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் தீர்ந்தது.

4. நிறம்

ஜன்னல் ஒளியும் அறை விளக்கும் சேர்ந்தால் மாடலின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். அதை எந்த ஆப்பாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒன்றை அணையுங்கள், அல்லது மூடுங்கள். கடையில் "வார்ம் ஒயிட்" என்று விற்கும் பல்பு 2700 முதல் 3000 கெல்வின், "கூல் டேலைட்" 6500 கெல்வின். இரண்டையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ (நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதைச் சொல்லும் எண்) 90க்கு மேல் என்று அச்சிட்ட பல்பாகப் பார்த்து வாங்கினால் சிவப்பும் பழுப்பும் செத்துப்போகாமல் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் ஷட்டரை 1/100, 1/50 அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள்.

வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம் சாம்பலாக வருவது எல்லோருக்கும் நேர்வது. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணி அளக்கும். எக்ஸ்போஷரை +1 கூட்டுங்கள். கறுப்புப் பின்னணியானால் -1 குறையுங்கள். தொடங்குகிறவர்களுக்கு நடுச் சாம்பல் அல்லது வெளிர்நீலச் சார்ட் பேப்பர் சிரமமில்லாதது.

5. தரையும் பின்னணியும்

சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேசைக்கு மடிப்பில்லாமல் வளைத்து விட்டால் தரைக்கும் சுவருக்கும் நடுவே கோடு இருக்காது. மாடலைப் பின்சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள், நிழல் சுவரில் ஏறாது. செய்த வேலையை மட்டும் காட்ட இது போதும்.

நிஜம்போலக் காட்ட வேண்டுமானால் தரையும் ஸ்கேலுக்குள் வர வேண்டும். அரை மி.மீ. ஆற்றுமணல் 1/64 காருக்குப் பக்கத்தில் 3 செ.மீ. ஜல்லியாகத் தெரியும். தார்ச்சாலைக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்பு உப்புத்தாள் பொருத்தமானது. 120 எண் தாளின் துகள் ஏறத்தாழ எட்டில் ஒரு மி.மீ. 1/64இல் அது 8 மி.மீ. சரளைக்குச் சமம், சாலையின் மேல்பரப்பு அப்படித்தான் இருக்கும். புதுத்தாள் அதிகமாக மின்னினால் சாம்பல் நிறச் சாக்பீஸ் தூளைத் தேய்த்து மங்கலாக்குங்கள்.

6. வெளியே எடுக்கும்போது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த மைக்கேல் பால் ஸ்மித் என்ற கலைஞர் எல்ஜின் பார்க் என்று ஒரு கற்பனை ஊரையே படமெடுத்தார். 1/24 டைகாஸ்ட் கார்கள், கையால் செய்த கட்டடங்கள். அவற்றை ஒரு மேசைமேல் பரப்பி, தூரத்திலிருக்கும் நிஜ மரங்களும் வீடுகளும் பின்னால் வருமாறு நிறுத்தி, ஒரு சாதாரண சிறிய டிஜிட்டல் கேமராவில் எடுத்தார். பின்னணியைக் கணினியில் ஒட்டவில்லை. ஃப்ளிக்கரில் அந்தப் படங்களைப் பார்த்த பலர் 1950களின் நிஜ ஊர் என்றே நம்பினார்கள். 2018இல் அவர் காலமானார், முறை நம் கையில் இருக்கிறது.

அந்த முறைக்கு வேண்டியவை மூன்று. பலகையின் பின்விளிம்பும் தூரத்துத் தரையும் ஒரே கோட்டில் வரும்படி கேமராவைத் தாழ்த்த வேண்டும். பின்னால் வரும் வீடோ மரமோ மாடலின் அளவுக்குப் பொருந்தும் தூரத்தில் இருக்க வேண்டும். சூரியன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். சிறிய சென்சார் கொண்ட ஃபோனில் தெளிவு ஆழம் இயல்பாகவே அதிகம் என்பதால், இந்த வேலைக்குப் பெரிய கேமராவைவிட ஃபோன் தோது. மொட்டைமாடியில் காலை எட்டு மணிக்குள், மாலை நான்கரைக்கு மேல் எடுங்கள். உச்சிவெயிலில் மாடலை நெடுநேரம் விடாதீர்கள், மூடிய காருக்குள் வைக்கவே வைக்காதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் பாகங்கள் வளையும். காற்றடித்தால் 1/72 விமானம் நிஜமாகவே பறந்துவிடும். சக்கரத்தடியில் துளி புளூ டேக் வையுங்கள்.

7. ஃபோனில் எடுப்பவர்களுக்கு

ஃபோனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. கிட்டே பிடித்தால் முன்சக்கரம் ஊதிப் பின்சக்கரம் சூம்பும். விலகி நின்று 2x அல்லது 3x வைத்து எடுங்கள். பல ஃபோன்கள் அருகே போனதும் தாமாகவே அல்ட்ராவைடு லென்ஸுக்கு மாறி மேக்ரோ எடுக்கும். செட்டிங்கில் அதை நிறுத்துங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். அது செயற்கையாக மங்கலாக்கும்போது ஆன்டெனாவையும் புரொப்பெல்லரையும் பாதி தின்றுவிடும். ஃபோகஸ் வேண்டிய இடத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தை மேலும் கீழும் இழுத்துச் சரிசெய்யுங்கள். லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். படம் புகைமூட்டமாக வருவதற்குப் பாதி நேரம் விரல்பட்ட எண்ணெய்தான் காரணம்.

8. எடுக்க வேண்டிய படங்கள்

முதலில் மாடலைத் தூசி தட்டுங்கள். புது மேக்கப் பிரஷ்ஷும் ரப்பர் புளோயரும் போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு ஒரு படத்தை எடுத்து, திரையில் முழுசாகப் பெரிதாக்கித் தூசி, விரல்ரேகை, ஒட்டுக்கோடு பாருங்கள். கண்ணுக்குத் தப்பியதைக் கேமரா காட்டிவிடும். சரிசெய்துவிட்டுத் தொடருங்கள்.

ஒரு மாடலுக்கு இந்த வரிசை போதும்:

- முன்பக்கச் சாய்கோணம். முதலில் போட வேண்டிய படம் இதுதான்.
- நேர்ப் பக்கவாட்டு, இரண்டு பக்கமும்.
- பின்பக்கச் சாய்கோணம்.
- மேலிருந்து ஒன்று, அடிப்பக்கம் ஒன்று.
- பெருமைப்படும் நுணுக்கங்கள் இரண்டு: காக்பிட், எஞ்சின், துரு, எதுவானாலும்.
- கையிலோ நாணயத்தின் பக்கத்திலோ வைத்து ஒன்று. இத்தனை நேரம் நிஜமென்று நம்பவைத்த பிறகு உண்மை அளவைக் காட்டினால்தான் உழைப்பு புரியும். அதைக் கடைசியில் போடுங்கள்.

9. பகிர்வதற்கு முன்

கணினியிலோ ஃபோனிலோ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தொடுவானத்தையோ தரையையோ நேராக்குங்கள். ஓரத்தை வெட்டுங்கள், மாடலின் மூக்குக்கு முன்னால் வாலுக்குப் பின்னால் இருப்பதைவிட அதிக இடம் விடுங்கள். வெள்ளையை வெள்ளையாக்குங்கள். நீளப் பக்கம் 2048 பிக்ஸலாகச் சுருக்கி, கடைசியாக லேசாகக் கூர்மையாக்கி, எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக்காகச் சேமியுங்கள். அடோபி ஆர்ஜிபியில் சேமித்தால் பல திரைகளில் நிறம் வெளிறும். வீட்டில் எடுத்த படம் என்பதால் கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் கோப்போடு வீட்டு இருப்பிடமும் போகக்கூடும்.

பின்னணித் தூசியைப் படத்தில் அழிக்கலாம். மாடலில் உள்ள குறையை அழிக்காதீர்கள். போட்டிக்கு அனுப்பும்போது அது ஏமாற்று. கருத்துக் கேட்டுப் போடும்போது நமக்கே நட்டம், திருத்த வேண்டியதை யாரும் சொல்ல மாட்டார்கள். படத்தோடு கிட்டின் நிறுவனம், ஸ்கேல், பயன்படுத்திய பெயின்ட், நீங்களாகச் சேர்த்த பாகங்கள் ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதுங்கள். பார்ப்பவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

10. பயிற்சி

அலமாரியில் இருக்கும் பழைய மாடல் ஒன்றை எடுங்கள். வழக்கமாக எடுப்பதுபோல் நின்றபடி ஒரு படம் எடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி எடுங்கள்: லென்ஸைக் கண்மட்டத்துக்கு இறக்கி ஒன்று, விலகி நின்று ஒன்று, ஒரே விளக்கும் தெர்மாகோலும் வைத்து ஒன்று, தரையை மாற்றி ஒன்று. ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள். உங்கள் மாடலுக்கு எந்த மாற்றம் அதிகம் கைகொடுத்தது என்பது தெரிந்துவிடும். இதே முறையில் ஐந்து மாடல்களை எடுத்து முடிக்கும்வரை கேமரா, லென்ஸ், லைட் பாக்ஸ் எதுவும் புதிதாக வாங்காதீர்கள். அதற்குப் பிறகும் ஒன்று தேவைப்பட்டால், எது தேவை என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கும்.